லோரன் கூப்பிட்டால் வாத்து வரும்

"வாத்து எந்தப் பக்கமிருந்து வரும்?" என்று கோர்டி மறுபடியும் கேட்டார்.

"ஏரிப் பக்கமிருந்துதான் அண்ணே. கிழக்கே" என்றான் அவரை வேட்டைக்குக் கூட்டி வந்த லோரன்.

"நேத்தும் இதையேதானப்பா சொன்னே?"

"ஏரி நேத்தும் கிழக்கதான இருந்துச்சு."

கோர்டி மறுபடி வானத்தைப் பார்த்தார். தலைமுதல் கால்வரை வெள்ளை அங்கி மாட்டிக்கொண்டு, சேற்றில் மல்லாக்கப் படுத்து, நெஞ்சின்மேல் துப்பாக்கியை வைத்திருக்கும் மனிதனுக்கு வாதாடும் தெம்பு அவ்வளவாக இருக்காது. அவருக்கு அந்தப் பக்கம் அவர் தம்பி மைலோ படுத்திருந்தார். மைலோவுக்கு அந்தப் பக்கம் மைலோவின் மனைவி கோரின். மூவரையும் சுற்றி ஆயிரத்துச் சொச்சம் பொம்மை வாத்துகள் குச்சிகளின்மேல் நின்றபடி, துணி வயிற்றுக்குள் காற்றை நிரப்பிக்கொண்டு ஆடிக்கொண்டிருந்தன. அந்த வயலில் உற்சாகமாக இருந்தவை அவை மட்டும்தான்.

ஏப்ரல் பிறந்து பனி உருகியாகிவிட்டது. வடக்கே போகும் வெள்ளை வாத்துகள் தெற்கு டகோட்டா மாநிலத்தின் ஏரிகளில் லட்சக்கணக்கில் இறங்கியிருந்தன. வாத்து பெருத்துப்போய்விட்டது, எத்தனை வேண்டுமானாலும் சுட்டுக்கொள்ளுங்கள் என்று அரசாங்கமே கெஞ்சாத குறையாகச் சொல்லியிருந்தது. அப்படிப்பட்ட வசந்தத்தில் ஒரு வாத்துகூடச் சுடாமல் இருப்பதற்குத்தான் தனித் திறமை வேண்டும். லோரனுக்கு அந்தத் திறமை இருந்தது.

வேட்டைக்கு ஆட்களைக் கூட்டிப் போகும் தொழிலை அவன் இந்த வருஷம்தான் சொந்தமாகத் தொடங்கியிருந்தான். 'குடும்பத்தோடு வாருங்கள், வானமே வெள்ளையாகும்' என்று விளம்பரமும் போட்டான். நான்கைந்து குழுக்கள் வந்தன. நல்ல காற்று வாங்கிக்கொண்டு போயின. முதல் குழுவிடம் காற்று சரியில்லை என்றான். இரண்டாவது குழுவிடம் நிலா சரியில்லை என்றான். அதற்குப் பிறகு வந்தவர்களிடம் காற்றும் நிலாவும் ஒன்றுக்கொன்று சரியில்லை என்று சொல்லிச் சமாளித்தான்.

அவன் மனைவி ஜெனலிடம் இந்தச் சமாதானமெல்லாம் எடுபடவில்லை. "இதுதான் கடைசிக் குழு" என்று அவள் நேற்று இரவு கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். "இவங்க சந்தோஷமா போய், அடுத்த வருஷமும் வர்றோம்னு வாயால சொல்லணும். இல்லேன்னா திங்கக்கிழமை காலையில நீ வெண்டல் அண்ணனோட லாரியில ஏறுறே."

வெண்டல் அவளுடைய அண்ணன். அவருடைய லாரி, சுற்றுவட்டாரப் பண்ணை வீடுகளின் செப்டிக் டேங்குகளைச் சுத்தம் செய்கிற லாரி. லோரன் வேலைக்கு வருவான் என்ற நம்பிக்கையில் அவர் போன மாதமே அவன் கால் அளவுக்கு ரப்பர் பூட்ஸ் வாங்கி வைத்துவிட்டார்.

லோரனுக்கு வாத்து என்றால் உயிர். விடிகிற நேரத்தில் ஏரியிலிருந்து அவை மொத்தமாகக் கிளம்பும்போது வருகிற சத்தத்தைக் கேட்டால் இந்த வயதிலும் கையில் உள்ள வேலையைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடுவான். அந்தச் சத்தத்தை விட்டுவிட்டு வெண்டலின் லாரிக் குழாய் உறிஞ்சுகிற சத்தத்தைக் கேட்டபடி காலம் தள்ளுவதை அவனால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

மைலோ பக்கத்து மாநிலமான மினசோட்டாவில் பெரிய தரைவிரிப்புக் கடை வைத்திருந்தார். கடை ஆட்கள் முப்பது பேரையும் பெண்டாட்டி பிள்ளைகளோடு அடுத்த வசந்தத்தில் வேட்டைக்குக் கூட்டிப் போக உத்தேசம். எப்படி இருக்கிறது என்று பார்த்துவரத்தான் இந்த மூவரும் வந்திருந்தார்கள். ஒரே ஒரு வாத்து விழுந்தால் போதும், முப்பது குடும்பம் லோரனுடையது.

"குளிருதா?" என்று லோரன் பொதுவாகக் கேட்டான்.

"இல்லல்ல. முதுகுப் பக்கம்தான் தண்ணி ஏறிடுச்சு. மத்தபடி அருமையா இருக்கு" என்றார் மைலோ.

"உங்களுக்கு?"

"எனக்கென்ன? படுத்துக்கிட்டு வானத்தைப் பாத்து எத்தனை வருஷமாச்சு! வித்தியாசமா இருக்கு" என்றாள் கோரின்.

லோரனுக்குத் திக்கென்றது. மினசோட்டாக்காரர்கள் கோபப்பட மாட்டார்கள். திட்டவும் மாட்டார்கள். தலையில் கூரையே இடிந்து விழுந்தாலும் நல்ல வெளிச்சம் வருகிறது என்றுதான் சொல்வார்கள். ஆனால் ஒரு விஷயத்தை வித்தியாசமாக இருக்கிறது என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது. அந்த ஊரில் அதற்குமேல் வசவு கிடையாது.

அந்த நேரம் பார்த்துச் சாலைக்கு அந்தப் பக்கமிருந்து டமார் டமார் என்று சத்தம் கேட்டது. கர்ட்டின் ஆட்கள். கர்ட் இருபது வருஷமாக இதே தொழிலில் இருப்பவன். அவன் இருக்கும் இடத்தில் வானத்திலிருந்து வாத்துகள் வெள்ளைச் சுழலாக இறங்கிக்கொண்டிருந்தன.

"அங்க மட்டும் இறங்குதே?" என்றார் கோர்டி.

"அது பழைய வயல் அண்ணே. வாத்துக்குப் பழக்கமான இடம். ஆனா ஒண்ணு சொல்றேன், இந்த வயலுக்குள்ள கால் வெக்க கர்ட்டு மூணு தடவ வந்து கேட்டான். வயல்காரர் ஆர்வல் முடியாதுன்னு கதவைச் சாத்திட்டாரு. எனக்கு மட்டும் ஒரே வார்த்தையில குடுத்தாரு."

இதில் லோரனுக்குப் பெருமை சொல்லி மாளாது. வேட்டைத் தொழிலில் பாதி வேலை விவசாயியின் கதவைத் தட்டுவதுதான். வயலுக்குள் போக அவர் சம்மதிக்க வேண்டும். லோரன் தட்டினால் திறக்காத கதவே அந்த வட்டாரத்தில் இல்லை. தொப்பியைக் கழற்றுவான், நாயைத் தடவிக்கொடுப்பான், காபியோடு வருகிற கேக்கை இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிடுவான். சீசன் தொடங்கிப் பத்து நாளில் விவசாயிகளே அவனுக்குப் போன் செய்து, "எங்க வயல் பக்கமும் வரலாமே" என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். இருபது வருஷ அனுபவம் உள்ள கர்ட்டைக்கூட யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. பேசிப் பழகுவதற்கும் ஒரு முகராசி வேண்டும் என்று லோரன் ஜெனலிடம் சொல்லியிருக்கிறான்.

அதிலும் ஆர்வலின் வயல் லட்டு மாதிரி இடம். இவர்கள் படுத்திருந்தது அறுத்துவிட்ட சோளத் தாளுக்கு நடுவே. பக்கத்திலேயே குளிர்காலக் கோதுமை பச்சைப் பசேலென்று முளைத்துக் கிடந்தது. வாத்துக்கு இதைவிட நல்ல விருந்து ஏது? ஆனால் விருந்துக்கு யாரும் வரவில்லை.

"சத்தம் பத்தல" என்று லோரன் முடிவு செய்தான்.

நான்கு ஒலிபெருக்கிகளை அவன் வயலின் நான்கு மூலையிலும் வைத்திருந்தான். மற்றவர்கள் வாத்துச் சத்தத்தைக் கடையில் விலைக்கு வாங்குவார்கள். லோரன் தானே பதிவு செய்தான். போன வசந்தத்தில் பெரிய கூட்டம் ஒன்று மேய்ந்துகொண்டிருந்த இடத்துக்கு ஒலிப்பதிவுக் கருவியோடு தவழ்ந்து போனான். போனவன் தன் கறுப்பு நாயைக் கட்டிப்போட மறந்துவிட்டான். அது பின்னாலேயே வந்து, கூட்டத்தின் நடுவில் நாலுகால் பாய்ச்சலில் விழுந்தது. பத்தாயிரம் வாத்துகளும் ஒரே நேரத்தில் தொண்டை கிழியக் கத்திக்கொண்டு எழுந்தன. அவ்வளவும் பதிவாகிவிட்டது. இத்தனை உணர்ச்சியோடு கத்துகிற வாத்துகளை எந்தக் கடையிலும் வாங்க முடியாது என்று லோரன் பூரித்துப்போனான்.

இப்போது அந்தச் சத்தத்தைக் கூட்டினான். கோரின் இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். கோர்டி ஏதோ சொன்னார், வாய் அசைந்தது மட்டும் தெரிந்தது.

"வருது, வருது! யாரும் அசையாதீங்க!" என்று லோரன் கத்தினான்.

உண்மையாகவே ஏரிப் பக்கமிருந்து நீளமாக ஒரு வெள்ளைக் கோடு வந்துகொண்டிருந்தது. நேராக இவர்களைப் பார்த்துத்தான் வந்தது. மைலோ துப்பாக்கியை இறுக்கிப் பிடித்தார். வந்த கூட்டம் வயலின் எல்லைக்கு வந்ததும் சட்டென்று நின்று யோசித்ததுபோல் இருந்தது. அப்புறம் இரண்டாகப் பிரிந்து, இந்த வயலின் காற்றுகூடத் தங்கள்மேல் படக்கூடாது என்பதுபோலச் சுற்றிக்கொண்டு கர்ட்டின் பக்கம் போய்விட்டது.

டமார், டமார்.

"யாராவது அசைஞ்சீங்களா?" என்றான் லோரன்.

"நான் கண்ணைச் சிமிட்டுனேன்" என்று மைலோ வருத்தத்தோடு ஒப்புக்கொண்டார்.

"அதான்! வாத்துக்குக் கண்ணு ரொம்பக் கூர்மை. இனிமே முகத்தையும் மூடிக்கணும்."

ஆளுக்கொரு வெள்ளைத் துணி கொடுத்து முகத்தை மூடச் சொன்னான். காபி கிடையாது, ஆவி தெரியும். பேச்சு கிடையாது, துணி அசையும். கோரின் ஆசையாகச் சுட்டு எடுத்து வந்த சாக்லேட் பிஸ்கட் டப்பா மினுமினுக்கிறது என்று அதை வண்டியில் கொண்டுபோய் வைத்தான். மூன்று பேரும் முகம் மூடி, கை மார்பில் வைத்து, வரிசையாக மல்லாந்து கிடந்தார்கள்.

கொஞ்ச நேரம் கழித்துத் துணிக்குள்ளிருந்து கோர்டியின் குரல் வந்தது. "தம்பி மைலோ, எனக்கு ஏதாவது ஆயிட்டா என் படகை நீ எடுத்துக்கோ."

"வாயை மூடுங்கண்ணே."

"அதைத்தான் லோரன் துணி போட்டு மூடி வெச்சிருக்கானேடா" என்றார் கோர்டி.

வானத்தில் அடுத்தடுத்து இரண்டு கூட்டங்கள் வந்தன. இரண்டும் எல்லைவரை வந்து திரும்பின. ஒலிபெருக்கிகள் உயிரைக் கொடுத்துக் கத்திக்கொண்டிருந்தன. லோரன் நீண்ட நேரம் யோசித்துவிட்டு எழுந்து உட்கார்ந்தான்.

"பொம்மை பத்தல" என்றான்.

வண்டியில் இன்னும் ஐந்தாறு மூட்டைப் பொம்மைகள் இருந்தன. எல்லோரும் சேர்ந்து நட்டால் சீக்கிரம் முடிந்துவிடும் என்றான். குடும்பத்தோடு சேர்ந்து செய்கிற வேலை, பிற்பாடு நினைத்துப் பார்க்க நன்றாயிருக்கும் என்றும் சொன்னான். மைலோவும் கோரினும் ஆளுக்கொரு மூட்டையைத் தூக்கிக்கொண்டார்கள்.

"இதை எங்க நடுறது?"

"மேட்டைத் தாண்டிப் போங்க. அங்கங்க தள்ளித் தள்ளி நட்டுட்டு வாங்க. மேயுற மாதிரி இருக்கணும்" என்று கை காட்டிவிட்டு, லோரன் கோர்டியின் பூட்ஸை இழுக்கப் போனான். கோர்டி முழங்கால்வரை சேற்றில் இறங்கி நின்றிருந்தார். லோரன் இழுத்த இழுப்பில் கால் வந்தது, பூட்ஸ் வரவில்லை. இருவரும் கையைவிட்டுத் துழாவினார்கள். அது எங்கேயோ தெற்கு டகோட்டாவின் அடியாழத்துக்குப் போய்விட்டிருந்தது.

"பரவால்லப்பா. இன்னொண்ணு இருக்கில்ல" என்றார் கோர்டி.

இந்தக் களேபரத்தில் பாட்டரி தீர்ந்து ஒலிபெருக்கிகள் நான்கும் அடங்கிப்போயின. வயலில் திடீரென்று நிசப்தம். காற்றின் ஓசை மட்டும் கேட்டது. மேட்டுக்கு அந்தப் பக்கமிருந்து மைலோவும் கோரினும் காலி மூட்டைகளோடு திரும்பிக்கொண்டிருந்தார்கள்.

அப்போதுதான் அவை வந்தன.

நாற்பது ஐம்பது வாத்துகள், எந்த அவசரமும் இல்லாமல், இறக்கையை விரித்துக் காலைத் தொங்கவிட்டபடி, கோர்டியின் தலைக்குமேல் கையை நீட்டினால் தொடுகிற உயரத்தில் இறங்கின. லோரனின் துப்பாக்கி உறைக்குள் இருந்தது. மைலோவின் துப்பாக்கி வண்டியில் இருந்தது. கோர்டியின் கையில் இருந்தது அவருடைய சாக்ஸ் மட்டும்தான்.

"லோரன், வாத்து" என்று அவர் மெதுவாகச் சொன்னார்.

லோரன் செய்ய வேண்டியதைச் செய்தான். ஒரே பாய்ச்சலில் ஓடி, புதுப் பாட்டரியை மாட்டி, ஒலிபெருக்கியை முழுச் சத்தத்தில் வைத்தான். இறங்கிக்கொண்டிருந்த வாத்துகள் நடுவானில் அலறிப் புடைத்துக்கொண்டு ஒன்றன்மேல் ஒன்று மோதின. மறு நிமிஷம் அங்கே ஒன்றையும் காணோம்.

"ஐயோ" என்று லோரன் நெற்றியில் அடித்துக்கொண்டான். "பாத்தீங்களா? பாட்டரி மட்டும் முன்னாடியே போட்டிருந்தா அம்புட்டும் உக்காந்திருக்கும்!"

"சத்தம் இல்லாதப்பதான வந்துச்சு?" என்றாள் கோரின்.

"அது முன்னாடி கேட்ட சத்தத்துக்கு வந்தது மேடம். வாத்துக்கு மூளைக்கு ஏற கொஞ்சம் நேரமாகும்."

இருபத்தைந்து வருஷமாகத் தரைவிரிப்பு விற்றவரின் மனைவி அவள். இதைவிட மோசமான விளக்கங்களை வாடிக்கையாளர்களுக்கே சொல்லியிருக்கிறாள். அதனால் நேராக வண்டிக்குப் போய், கதவைச் சாத்திக்கொண்டு, பிஸ்கட் டப்பாவைத் திறந்தாள்.

லோரனின் சட்டைப்பைக்குள் போன் அதிர்ந்தது. ஜெனல்.

"விழுந்துச்சா?"

"இதோ, இப்பத்தான் தலைக்கு மேல வந்துட்டுப் போச்சு."

"விழுந்துச்சான்னு கேட்டேன்."

"கோர்டி அண்ணன் பூட்ஸ்தான் விழுந்துச்சு."

"வெண்டல் அண்ணன்கிட்ட சைஸ் சொல்லி வாங்கிக் குடு" என்று சொல்லிவிட்டு அவள் வைத்துவிட்டாள்.

உச்சி வெயில் வந்துவிட்டது. நம்பிக்கை கிட்டத்தட்டக் கரைந்துபோன நேரத்தில், லோரன் கடைசி முறையாகத் தொலைநோக்கியைக் கண்ணில் வைத்துச் சுற்றிப் பார்த்தான். மேட்டுக்கு அந்தப் பக்கம், சரிவில், வெள்ளையாக ஏதோ தெரிந்தது. சட்டென்று தரையில் படுத்தான்.

"அண்ணே" என்று கிசுகிசுத்தான். "படுங்க. எல்லாரும் படுங்க. இருநூறு வாத்து. அந்தச் சரிவுல மேயுது."

துப்பாக்கிகளை எடுத்துக்கொண்டு மூன்று ஆண்களும் தவழ ஆரம்பித்தார்கள். மேட்டைச் சுற்றிக்கொண்டு, காற்றுக்கு எதிர்ப்பக்கமாக, வயிறு தரையில் உரசத் தவழ்ந்தார்கள். சேறு சட்டைக்குள் போய்க் கால்சட்டை வழியாக வெளியே வந்தது. கோர்டி ஒற்றை பூட்ஸோடு தவழ்ந்தார். மைலோவுக்கு முழங்கையில் தோல் வழன்றுவிட்டது, ஆனால் முகத்தில் அப்படி ஒரு பிரகாசம். நாற்பது வயதுக்குப் பிறகு அவர் இவ்வளவு சந்தோஷமாக இருந்ததே இல்லை. லோரன் தவழும் வேகத்தைக் கூட்டினான். வெண்டலின் லாரி அவன் மனதில் தூரத்தில் சின்னப் புள்ளியாகிக்கொண்டே போனது.

ஒரு புல் மறைவில் தவழ்வதை நிறுத்தினார்கள். வாத்துகள் எதிரே மேய்ந்துகொண்டிருந்தன. காற்றுக்கு லேசாக ஆடின.

"நான் மூணு சொன்னதும்" என்றான் லோரன். "ஒண்ணு, ரெண்டு…"

கோர்டி இரண்டிலேயே சுட்டுவிட்டார். அப்புறம் மைலோ. அப்புறம் லோரன். குண்டு தீரும்வரை மூவரும் சுட்டார்கள். புகை விலகியது.

ஒரு வாத்தும் பறக்கவில்லை.

"தைரியமான வாத்து" என்றார் கோர்டி மரியாதையோடு.

சில வாத்துகளின் வயிற்றிலிருந்து காற்று இறங்கிக்கொண்டிருந்தது. ஒன்று குச்சியோடு சாய்ந்தது. லோரன் மெல்ல எழுந்து நின்றான். தன் கையால் தைத்த தையலை அவனுக்கு அடையாளம் தெரிந்தது.

மேட்டின் உச்சியில் கோரின் நின்றுகொண்டிருந்தாள். கையில் பாதி கடித்த பிஸ்கட்.

"அது நானும் மைலோவும் காலையில நட்டதுதான?" என்றாள்.

"உனக்குத் தெரியுமா?" என்று மைலோ கத்தினார். "அப்ப தவழும்போதே சொல்லியிருக்கலாமில்ல?"

"நட்ட நீயே தவழ்ந்து போறியே, இது ஏதோ பயிற்சி போலன்னு நெனச்சேன்."

மைலோ துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டார். எல்லோரும் வண்டிக்குத் திரும்பி நடந்தார்கள். கோர்டி மட்டும் ஓட்டை விழுந்த பொம்மை ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டார். வீட்டில் காட்ட ஏதாவது வேண்டாமா?

ஊர் எல்லையில் அவர்கள் விடைபெற்றார்கள். மைலோ லோரனின் கையைப் பிடித்துக் குலுக்கினார். அவர் முகத்தில் சிரிப்பு இருந்தது.

"ரொம்ப நல்லா கவனிச்சுக்கிட்டே தம்பி. இந்த மாதிரி நாங்க எங்கேயும் பாத்ததில்ல. ரொம்ப வித்தியாசமா இருந்துச்சு."

"அடுத்த வருஷம் கடை ஆளுங்களோட…?"

"பாக்கலாம், பாக்கலாம். நாங்களே போன் பண்றோம்."

வண்டி கிளம்பிப் போய், சாலைச் சந்திப்பில் நின்று, கர்ட்டின் வீட்டுப் பக்கம் திரும்பியது. போகிற வழிக்கு அது சுற்று.

லோரன் வெகுநேரம் சாலையோரத்திலேயே உட்கார்ந்திருந்தான். மேலே வாத்துகள் கூட்டங்கூட்டமாக வடக்கே போய்க்கொண்டிருந்தன. எத்தனை அழகாகப் போகின்றன! அவனுக்கு அழுகை வந்தது. துடைத்துக்கொண்டான்.

போவதற்கு முன் ஒரு கடமை பாக்கி இருந்தது. சீசன் முடிந்ததும் வயல் கொடுத்த விவசாயிக்கு, அந்த வயலில் விழுந்த வாத்தின் இறைச்சியை அரைத்துக் குழலாக அடைத்த சாசேஜ் கொண்டுபோய்க் கொடுப்பது அந்தப் பக்கத்து வழக்கம். லோரனிடம் வாத்து ஏது? கடையில் பன்றி இறைச்சி சாசேஜ் ஒரு சுருள் வாங்கி, ஒட்டியிருந்த சீட்டைப் பிய்த்துவிட்டு, ஆர்வலின் வீட்டுக் கதவைத் தட்டினான்.

கதவு எப்போதும்போல உடனே திறந்தது. "வாப்பா, வா வா!" என்றார் ஆர்வல். எழுபதை நெருங்கிய மனிதர், ஒரு வாக்கியத்தைத் தொடங்கினால் முடிப்பதற்குள் காபி ஆறிவிடும். சமையலறையில் அவர் மனைவி டெல்ஃபின் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். கேட்காமலேயே இரண்டு துண்டு கேக் வைத்தாள். சாசேஜை மோந்து பார்த்துவிட்டுக் குளிர்ப்பெட்டியில் வைத்தாள்.

"ஆர்வல் அண்ணே, இதைச் சொல்லத்தான் வந்தேன். நான் இந்தத் தொழிலை விடுறேன். திங்கக்கிழமையிலேருந்து வெண்டலோட லாரிக்குப் போறேன்."

ஆர்வல் காபிக் கோப்பையைக் கீழே வைத்தார். முகம் செத்துப்போய்விட்டது. "விடுறியா? அதெப்படிப்பா விடுவே?"

"ஒரு வாத்து விழலண்ணே. ஒண்ணுகூட."

"அதனால என்ன?" என்றார் ஆர்வல். "வாத்து விழுறது விழாதது… அது கிடக்கட்டும். உன்னை மாதிரி ஒருத்தர் இந்த வட்டாரத்துக்கே கிடைக்க மாட்டாங்க. நீ போகக்கூடாது. எல்மர் நேத்துகூடக் கேட்டான், அடுத்த வருஷம் லோரன் என் வயலுக்கு வருவானான்னு. ஸ்வென்சன் வீட்ல கேட்டாங்க. ஏரிக்கரைப் பக்கம் நாலு பேரு கேட்டாங்க. வேணும்னா நாங்க எல்லாரும் சேர்ந்து உனக்கு மாசாமாசம்… என்ன டெல்ஃபின்?"

"ஆமா, குடுத்துடலாம்" என்றாள் டெல்ஃபின், திரும்பாமலே.

லோரன் கையிலிருந்த கேக்கைக் கீழே வைத்தான். ஊர் முழுக்கச் சேர்ந்து ஒரு வேட்டைக்காரனைப் போகாதே என்று பிடித்துவைப்பதா? கர்ட்டுக்கு நடந்ததா இது? இந்த உலகத்தில் துப்பாக்கிக்கு விழாதது முகராசிக்கு விழும் என்று அவன் எப்போதோ சொன்னபோது ஜெனல் சிரித்தாள். இப்போது சிரிக்கட்டும் பார்க்கலாம். அவன் அங்கேயே போனை எடுத்து ஜெனலைக் கூப்பிட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி மேஜைமேல் வைத்தான்.

"ஜெனல், வெண்டல் அண்ணன்கிட்ட அந்த பூட்ஸைக் கடையில திருப்பிக் குடுத்துடச் சொல்லு. இங்க விவசாயிங்க எல்லாம் சேந்து மாசச் சம்பளம் குடுத்து என்னை வெச்சுக்கிறாங்க. என்னை விடவே மாட்டேங்கிறாங்க!"

எதிர்ப்பக்கம் ஒரு பாத்திரம் கீழே விழும் சத்தம் கேட்டது.

"சம்பளமா?" என்றாள் ஜெனல். "ஆர்வல் அண்ணே, நீங்க அங்க இருக்கீங்களா? நெசமாவா? ஒரு வாத்து சுடத் தெரியாத ஆளு, அப்பிடி என்னத்தைக் கண்டீங்க இவர்கிட்ட?"

ஆர்வல் லோரனைப் பார்த்தார், ஜன்னல் வழியாகப் பச்சைக் கோதுமையைப் பார்த்தார், கேக்கைப் பார்த்தார். "அது வந்தும்மா… மனுஷன் நல்லா பழகுவாரு… அப்புறம்…" என்று இழுத்தார்.

டெல்ஃபின் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, போன் பக்கம் குனிந்தாள்.

"போன வருஷம் எங்க கோதுமையில பாதி வாத்து வயித்துக்குத்தான் போச்சும்மா, உன் வீட்டுக்காரர் அந்த ஸ்பீக்கரைத் தூக்கிட்டு வந்த நாள்லேருந்து ஒரு வாத்துகூட இந்தப் பக்கம் தலை வெச்சுப் படுக்கல!"